வேண்டாம் குடித்த பால்

"குழந்தை பேர் என்ன?"

"வேண்டாம்."

"பேர் வேண்டாம்னா எப்படி? அந்தக் கட்டம் காலியா இருந்தா இந்த மெஷின் அடுத்த பக்கத்துக்கே போகாது."

"அட, பேரே வேண்டாம்தான்டா!"

அன்று காலையில் எனக்கு அது பன்னிரண்டாவது குழந்தை. பதிவு செய்து செய்து மண்டை காய்ந்து போயிருந்தது. இல்லாவிட்டால் மன்லாஃபி என்ற பெயரைக் கேட்டு ஒரு மண்டிங்கா இனத்து ஆள் இப்படி முழிப்பானா? எங்கள் மொழியில் மன்லாஃபி என்றால் 'வேண்டாம்'. வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அடுத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது. பெற்றவளே வேண்டாம் என்கிற சரக்கு நமக்கு எதற்கு என்று சாவு திரும்பிப் போய்விடுமாம்.

பெயரை எழுதினேன். அடுத்த கேள்வி வந்தது: 'இந்தக் குழந்தையை வேண்டும் என்று பெற்றீர்களா?' எந்த ஊரில் உட்கார்ந்து எந்தப் புண்ணியவான் எழுதிய கேள்வியோ தெரியாது. பத்தொன்பது வருடமாக இந்த ஆய்வு நிலையத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறேன். கேள்வி எழுதுகிறவனை ஒரு நாள் நேரில் பார்த்து நான் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வேலை என்று வந்துவிட்டதால் கேட்டேன். பிள்ளையைப் பெற்ற சீபோ ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மாமரத்தில் யாரோ ஒளிந்திருப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"வேண்டவே வேண்டாம்! இந்தத் தேரையை எவ கேட்டா?"

'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பிறந்து பதினோரு நாளான தேரை அவள் மடியில் கிடந்து மூச்சு முட்டப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

சீபோ ஒரு கன்யெலெங். எங்கள் தாபாகுண்டாவில் அப்படிப் பதினாலு பேர் உண்டு. பெற்றதைப் புதைத்தவர்களும் பெறாமலே போனவர்களும் சேர்ந்த பெண்கள் கூட்டம். இருக்கிற வெட்கத்தை எல்லாம் ஆற்றில் விட்டுவிட்டு வந்தவர்கள். கந்தல் சுற்றிக்கொண்டு, கழுத்தில் அவரைக்கொட்டை மாலையும் தகர டப்பாவும் தொங்க, புருஷனுடைய கால்சட்டையைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு, கல்யாணம், பெயர் சூட்டல் என்று எங்கே அடுப்பு மூட்டினாலும் முதலில் போய் நிற்பார்கள். ஆடுவார்கள், அசிங்கமாகப் பாடுவார்கள், அள்ளி அள்ளித் தின்பார்கள். ஒரு தடவை ஆளுநர் வந்தபோது சீபோ நேராகப் போய் அவர் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்துக் கடித்துக்கொண்டே, "ஐயாவோட தொப்பையில பாதி எங்க ஊரு சோறு, நான் தொட்டுப் பாக்கலாமா?" என்றாள். அவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். இவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்து அல்லாவுக்கே சிரிப்பு வந்து, மனம் இளகிப் பிள்ளையைத் தங்க விடுவான் என்பது எங்கள் நம்பிக்கை.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை. அவள் குலத்துக்கும் என் குலத்துக்கும் கேலி முறை. அவள் என்னை 'அடிமை' என்று கூப்பிடலாம், நான் அவளைச் 'சோத்து மூட்டை' என்று கூப்பிடலாம். கோபம் வந்தால் வந்தவனுக்குத்தான் அவமானம். எனக்கு ஐம்பது வயது, தலையில் முடி கிடையாது, நாலு பிள்ளைக்குத் தகப்பன், கவ்ஸு என்று அல்லா அறிய ஒரு பெயரும் உண்டு. நாற்பது வயது சீபோ அதை ஒரு நாளும் சொன்னதில்லை. "டேய் அடிமை" என்பாள், நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஆறு பிள்ளைகளைப் புதைத்தவள். முதலாவது ஒன்பது நாள் இருந்தது. ஆறாவதுக்கு ஏழு மாதம், உட்காரப் பழகியிருந்தது. ஏழாவது பிறந்ததும் கன்யெலெங் கூட்டாளிகள் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். ஒருத்தி, "ஐயோ, யாரோ எறிஞ்ச குப்பை!" என்று பொறுக்கினாள். சீபோ ஒரு கைப்பிடி கம்புத் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். தவிடு ஜாஸ்தி என்று சண்டை வேறு போட்டாள். அன்றிலிருந்து பால் மறக்கடிக்கிற நாள் வரை அந்தப் பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம். பேசினால் சாவுக்குத் தெரிந்துவிடும், இது வேண்டாத பிள்ளை இல்லை என்று.

இந்தச் சத்தியத்தோடுதான் அவள் எங்கள் ஆய்வில் வந்து சேர்ந்தாள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் மூளை பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை எப்படி வளர்கிறது என்று பார்க்கிற ஆய்வு. நடத்துகிறவள் டாக்டர் ஹாரியட். கடல் கடந்து வந்து ஐந்து மாதமான வெள்ளைக்காரப் பெண். நல்ல மனசு. எங்கள் மொழியில் நலம் விசாரிக்க மட்டும் கற்றுக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஆடு வரைக்கும் விசாரித்துவிட்டு, வருகிற பதில் புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

முதல் கூட்டத்தில் அவள் பேசப் பேச நான் மொழிபெயர்த்தேன்.

"பொறந்த முதல் வருஷத்துல குழந்தையோட மூளை ரெண்டு மடங்கு வளருது. அதைக் கட்டறதுக்கு வேண்டிய கொழுப்பு, சத்து எல்லாம் உங்க பால்லயே இருக்கு. ஆறு மாசம் பால் மட்டும் குடுங்க. சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்."

கூட்டம் முணுமுணுத்தது. எப்படி முணுமுணுக்காமல் இருக்கும்? மரப்பலகையில் வேத வசனம் எழுதி, அதைக் கழுவி, அந்த ஓதிய தண்ணீரைப் பிறந்த குழந்தை நாக்கில் விடுவது எங்கள் வழக்கம். அதுவும் அறிவு திறப்பதற்குத்தான். இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் வேதம். பெண்கள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னை முறைத்தார்கள். சீபோ எழுந்தாள்.

"டாக்டரம்மா, நான் தின்ன கடலை பால்ல சேருமா?"

"சேரும்."

"நான் குடிச்ச தண்ணி?"

"அதுவும்தான்."

"அப்பறம் என்ன? ஓதின தண்ணிய நான் குடிச்சிக்கறேன். வடிகட்டி, பதமா சூடு பண்ணி, அவனுக்குப் போய்ச் சேந்துரும். கரண்டிகூடக் கழுவ வேண்டாம்!"

கூட்டமே எழுந்து கை தட்டியது. பலகை எழுதுகிற பெரியவர்கூட, "வசனம் வழி தெரியாமப் போயிருமா என்ன?" என்று ஒப்புக்கொண்டார். ஹாரியட் அதை நோட்டில் எழுதி மூன்று கோடு போட்டாள். அந்த வருடம் எங்கள் ஊரில் பிள்ளைகள் பாலோடு வளர்ந்தார்கள், தாய்மார்கள் ஞானத்தோடு திரிந்தார்கள்.

வினை ஹாரியட்டின் அடுத்த வார்த்தையில் வந்தது. "பால் குடுக்கும்போது குழந்தை முகத்தைப் பாருங்க. உங்க மார்புலேர்ந்து உங்க முகம் வரைக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்தான் அதுக்கு நல்லாத் தெரியும். அன்பாப் பேசுங்க. பாலும் பேச்சும் சேந்து போனாத்தான் மூளையில பாதை விழும்."

மூன்றாவது மாதம் ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, தாய் பால் கொடுக்கும்போது பேசுவதை நான் எண்ண வேண்டும். தாளில் இரண்டு பத்தி. ஒன்று 'கொஞ்சல்', இன்னொன்று 'திட்டல்'. சீபோ வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டாள்.

"வாடா குப்பை. வந்துட்டியா கொட்டிக்க? தலையைப் பாரு, எவனோ சூப்பிப் போட்ட மாங்கொட்டை. மூக்கு எங்கடா? தேரைக்குக்கூட மூக்கு உண்டு. என்ன முறைக்கற? உன்னை யாரு பெத்தா? நானா? தவுட்டுக்கு வாங்கினேன், அதுலயும் ஏமாந்தேன். மெதுவா குடிடா, பஞ்சத்துல பொறந்தவனே! சட்டியா உன் வயிறு?"

பிள்ளை மார்பை விட்டுவிட்டு நிமிர்ந்து, "ங்கா" என்றது.

"எதுத்துப் பேசறியா? என்கிட்டயேவா?"

"ங்கா."

"வாயப் பாரு, தேரை வாய்!"

அரை மணி நேரமும் அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் நிறுத்தினால் அது கூப்பிடும், அது கூப்பிட்டால் அவள் திட்டுவாள். நான் நாலு பெற்றவன், என் பிள்ளைகளிடம் அப்படி அரை மணி நேரம் நான் பேசியதே கிடையாது. கடைசியில் எண்ணினேன். கொஞ்சல் பூஜ்யம். திட்டல் நாற்பத்தேழு.

தாளைப் பார்த்த ஹாரியட்டுக்கு முகம் வெளுக்க அதற்குமேல் இடமில்லை. பதிவுப் படிவத்தையும் எடுத்தாள். 'வேண்டும் என்று பெற்றீர்களா? இல்லை.' வழக்கத்தை நான் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"எனக்குப் புரியுது கவ்ஸு. ஆனா பேப்பர்ல தேரைன்னா தேரைதான். அம்மா ஒதுக்கற குழந்தையா இருந்தா ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி விடுதியில வெச்சுக் கவனிக்கணும்னு விதி. அடுத்த வாரம் நான் வரேன். என் காதால அவங்க குழந்தையக் கொஞ்சறதைக் கேட்டா விட்டுடறேன்."

சீபோவின் ஆறாவது பிள்ளை கண் மூடியது ஒரு விடுதிக் கட்டிலில்தான். யார் மேலும் குற்றமில்லை, காய்ச்சல். ஆனால் அதற்குப் பிறகு எந்த விடுதி வாசலையும் அவள் மிதித்ததில்லை. போய்ச் சொன்னேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு வாட்டி சொல்லிடு, சோத்து மூட்டை. டாக்டர் காதுல விழுந்தாப் போதும்."

"ஒரு வாட்டி போதுமே சாவுக்கும். ஆறாவதுக்கு நான் ஒரு வாட்டிதான் சொன்னேன், கவ்ஸு."

அவள் என் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஹாரியட்டைக் கூட்டிக்கொண்டு பயந்து பயந்து போனேன். முற்றத்தில் ஒரு முக்காலி கிடந்தது. "உக்காருடா அடிமை," என்றாள் சீபோ. எதிரே தான் பாயில் உட்கார்ந்து பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். ஹாரியட் பேனாவைத் திறந்தாள். சீபோ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"என் நிலாவே!"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆடுதான் நின்றது.

"என் தேனே! என் கண்ணு படுமே, என்ன அழகுடா நீ! அந்தக் கண்ணு என்ன, அந்தக் கன்னம் என்ன! இந்தச் சின்னக் கையால என் உசிரையே புடிச்சு வெச்சிருக்கியே! நூறு வருஷம் இருடா, என்னை மண்ணுல வெச்சிட்டுத்தான் நீ போகணும், என் செல்லமே!"

எனக்குக் காது மடல் சுட்டது. பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்தி, யாருடா அந்த அழகன் என்பதுபோல் என் பக்கம் திரும்பியது.

"யாரைச் சொல்றாங்க?" என்றாள் ஹாரியட்.

"என்னைத்தான்."

சீபோ விளக்கினாள். "காது அவனுக்கும் இருக்கில்ல? மடியில கெடந்து கேட்டுக்கட்டும். சாவு யாருன்னு தேடி வந்தா, இந்த வழுக்கையத் தூக்கிட்டுப் போகட்டும். என் அடிமைதானே, குடுக்க எனக்கு உரிமை இருக்கு."

மொழிபெயர்க்கும்போது கடைசி வரியை முழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். தொழில் தர்மம் விடவில்லை. ஹாரியட் சிரித்த சிரிப்பில் பேனா உருண்டு ஆட்டுக் காலடியில் போனது. கொஞ்சல் பத்தியில் ஏழு கோடு போட்டாள். விடுதிப் பேச்சு அதோடு போயிற்று. வாரத்துக்கு ஒரு நாள் நான் முக்காலியில் உட்கார வேண்டும் என்று மட்டும் முடிவானது. முடிவு செய்தபோது என்னை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! சீபோவின் புருஷன் மாலாங் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "நிலா, சௌக்கியமா?" என்பான். கடலை வயலில், படகுத் துறையில், எல்லா இடத்திலும் நிலா. என் மனைவி தீதா சோற்றுக் கிண்ணத்தை டங்கென்று வைத்தாள்.

"பதினெட்டு வருஷமா உங்க மூஞ்சியத் தினம் பாக்கறேன். இதுல நிலா எங்கங்க இருக்கு?"

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியாதான், வருடா வருடம் வருவதுதான். ஆனாலும் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது அந்த 'நூறு வருஷம் இருடா' காதில் ஒலித்தது, பயந்துவிட்டேன். தாயத்து ஒன்று கட்டிக்கொண்டதை ஹாரியட்டிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கம்பங்கூழோடு சீபோ வாசலில் வந்து நின்று, தெருவெல்லாம் கேட்கக் கத்தினாள்.

"டேய் வழுக்கை! ஓட்டைச் சட்டி! உன்னை எவன்டா எடுத்துட்டுப் போவான்? எடுத்துட்டுப் போனாலும் பாதி வழியில போட்டுட்டு ஓடிருவான்!"

கூழை வைத்துவிட்டுப் போனாள். தீதா அதற்குப் பிறகு நிலாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் தொப்பிப் பரிசோதனை. சின்னச் சின்ன விளக்குகள் வைத்த தொப்பி, பின்னால் சடைபோல வயர்கள். குழந்தை தலையில் மாட்டி, பேச்சுகளைக் கேட்க வைத்தால், மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று பிறகு படமாகத் தெரியும். நம் வேண்டாம் தொப்பியோடு தாய் மடியில் உட்கார்ந்திருந்தான். முதலில் முன்பே பதிந்துவைத்த யாரோ ஒரு பெண்ணின் கொஞ்சல் குரல். பையன் கொட்டாவி விட்டான். அடுத்தது சீபோ என்னைப் பார்த்து நிலாவே, தேனே என்றது. மரியாதைக்குக் கேட்டான். கடைசியில் ஹாரியட், "வீட்டுல பேசற மாதிரி அவன்கிட்டயே பேசச் சொல்லுங்க," என்றாள்.

சீபோ அவனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "என்னடா வேஷம் இது, தேரை? தலையில என்ன, குருவிக் கூடா?"

வேண்டாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். குடித்த பாலில் கொஞ்சம் வெளியே வந்தது, ஒரு விளக்கு கழன்று விழுந்தது. சாயங்காலம் படத்தைப் பார்த்தோம். அவள் தேரை என்ற இடத்தில் மூளை முழுக்க விழித்து ஒரே சிவப்பு. ஹாரியட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஒரு குழந்தைய வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது, கவ்ஸு," என்றாள். ஆனால் மறுநாள் வந்த புதுத் தாளில் கொஞ்சலும் இல்லை, திட்டலும் இல்லை. 'முகம் பார்த்துப் பேசிய நேரம்' என்று ஒரே ஒரு பத்தி. அதில் சீபோவை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு வயது முடிந்தது. பால் மறக்கடித்து மூன்று வாரம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார்கள். பையன் நடந்தே வந்தான், வழியில் கிடந்த எல்லாவற்றையும் உதைத்துக்கொண்டு. சொல் பரிசோதனை. ஹாரியட் படத்தைக் காட்டினால் குழந்தை பெயர் சொல்ல வேண்டும். இந்த வயதில் ஒரு சொல் சொன்னால் சரி, இரண்டைச் சேர்த்தால் கெட்டிக்காரன். நாய்ப் படத்தைக் காட்டினாள்.

"சொறி நாய்," என்றான் வேண்டாம்.

கோழி.

"திருட்டுக் கோழி."

பானை.

"ஓட்டைப் பானை. போடு குப்பையில!"

நாலு சொல்! ஹாரியட் கட்டத்துக்கு வெளியே எழுத ஆரம்பித்தாள். நூற்றுப் பதினாறு சொல் தெரிந்திருந்தது. எங்கள் ஆய்வில் எந்தக் குழந்தைக்கும் அத்தனை இல்லை. அதில் எண்பது வசவு. பிறகு ஹாரியட் என்னைக் காட்டி, "இது யாரு?" என்றாள்.

"என் நிலா," என்றான், சந்தேகமே இல்லாமல்.

காத்திருந்த தாய்மார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாரியட் சீபோவைக் காட்டினாள். "இது?"

பையன் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. ஓடிப் போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "தேரை!" என்றான். "என் தேரை!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீபோவும் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். முதல் நாள் கேட்ட அதே கேள்வியை மெஷின் மறுபடி கேட்டது. 'இந்தக் குழந்தையை வேண்டும் என்று பெற்றீர்களா?' அந்தப் புண்ணியவானை மனதுக்குள் திட்டிக்கொண்டே படித்தேன்.

"சத்தியம் முடிஞ்சு போச்சு, சோத்து மூட்டை. இப்பவாவது சொல்லலாம்."

சீபோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி மாமரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விரலால் என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். என் காதுக்குள், மூச்சைவிட மெதுவாகச் சொன்னாள்.

"ஏழு பேரையுமே வேணும்னுதான் பெத்தேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, ஊருக்கே கேட்கக் கத்தினாள். "என்னடா பாக்கற அடிமை? வேண்டாம்னு எழுது!"

'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். ஜன்னலைப் பார்த்து நானும் சத்தமாகச் சொன்னேன்.

"எழுதிட்டேன். வேண்டாம்!"

தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பையன் ஓடி வந்தான்.